மாட்டு டொக்டருக்கு ஓர் அர்ச்சனை

நீங்கள் ஒண்டும் அமத்த வேண்டாம், போனைச் சும்மா கையிலை வைச்சிருந்தால் காணும். நம்பர் தன்ரைபாட்டிலை மாறும். வெளிச்சம் நூர்ந்து போச்செண்டால் மட்டும் விரலாலை ஒருக்காத் தட்டி விடுங்கோ. கார் ஓடேக்கை நான் தொடேலாது, ரோட்டுக் கமரா பிடிச்சிடும். இந்த நாட்டிலை மேலை இருந்து எங்களைப் பாக்கிறது ரெண்டு பேர். ஒராள் இப்ப நாங்கள் கும்பிட்டிட்டு வந்தவர், மற்றது அந்தக் கமரா. முதலாவது ஆள் கொஞ்சம் பொறுப்பார். பெல்ட்டைப் போடுங்கோ, அதையும் பிடிக்கும்.

எத்தினை காட்டுது? நாப்பத்தாறோ. நல்லது. காலமை நாப்பத்திமூண்டு.

உங்கட தேங்காய்ப் பையைப் பின் சீற்றிலை வைச்சிட்டியள் தானே. அந்தக் கறுப்புப் பைக்கு மேலை இல்லைத் தானே. சரி, பக்கத்திலை எண்டால் பறவாயில்லை.

சும்மா நன்றி சொல்லிக்கொண்டிருக்காதையுங்கோ. கூட்டிக்கொண்டு வந்த உங்கட மருமேனை ஆஸ்பத்திரியிலை இருந்து அவசரமாக் கூப்பிட்டால் அவர் என்ன செய்யிறது, போகத்தானே வேணும். புதன்கிழமையிலை இந்தக் காட்டுக்கை உங்களுக்கு ஆர் கார் கொண்டு வரப் போறது. நானும் லிட்கம் தான், ஸ்டேசனடியிலை இறக்கி விடுறன். மகள் வீடு அதிலையிருந்து நடக்கிற தூரம் எண்டனியள் என்ன. பொயிண்ட் குக்கிலை இருந்து சிட்னிக்குப் பிளேன் ஏறி வந்த மனுசனை ஹெலன்ஸ்பர்க் கோயில் கார் பார்க்கிலை விட்டிட்டுப் போனால் பெருமாள் என்ன நினைப்பார். கோபாலகிருஷ்ணன் எண்டு உங்கட முழுப் பேரையும் சொல்லி முடிக்க வோட்டர்ஃபோல் வந்திடும், நான் அண்ணை எண்டே சொல்லுறன், குறை நினைக்காதையுங்கோ. நான் தேவராஜா.

என்ன நம்பர் எண்டோ? தேர்தல் அண்ணை. அமெரிக்காவிலை. காங்கிரஸ்.

இல்லை இல்லை, கை இல்லை. உங்கட இந்திய ஆக்களுக்குக் காங்கிரஸ் எண்டால் கைச் சின்னம். எங்கட ஊரிலை காங்கிரஸ் எண்டால் சைக்கிள். இது மூண்டாவது காங்கிரஸ், இதிலை கையும் இல்லை சைக்கிளும் இல்லை, சோளமும் மாடும் தான். ஒரு சின்னத் தொகுதி. மாநிலத்தின்ரை பேரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, எனக்கே அது வாயிலை சரியா வராது. மனிசி அந்தத் தொகுதியின்ரை படத்தைக் குசினிக்குள்ளை ஃப்ரிட்ஜிலை ஒட்டி வைச்சிருக்கிறா. பாத்தால் பல்லி மாதிரி இருக்கும். தலை ஒரு டவுன், வால் முழுக்கச் சோளக்காடு. ஆளுங்கட்சிக்காரர் தங்களுக்கு வசதியா அப்பிடிக் கீறி வைச்சிருக்கினமாம். எங்கட ஆக்களுக்குப் பல்லி சொன்னால் தான் பலன். அங்கை பல்லிக்கே வோட்டு.

இப்ப அங்கை செவ்வாய்க்கிழமை இரவு, வோட்டு எண்ணிக்கொண்டிருக்கினம். நீங்கள் கையிலை வைச்சிருக்கிறது ஆர் வெல்லுவினம் எண்டு சனம் காசு கட்டுற இடம். நாப்பத்தாறு எண்டால் நூறிலை நாப்பத்தாறு பங்கு வெல்லச் சாத்தியம் எண்டு கணக்கு. இல்லையில்லை, நான் கட்டேல்லை. இஞ்சை இருந்து கட்டவும் ஏலாது, எனக்கு அந்தப் பழக்கமும் இல்லை. நம்பரை மட்டும் பாக்கிறனான். கிளி சாத்திரக்காரனுக்குக் காசு குடுக்காமல், மற்றாக்களுக்கு என்ன சீட்டு வருகுதெண்டு பக்கத்திலை நிண்டு எட்டிப் பாக்கிறவன் இருப்பான் தானே, அவன் நான்.

நிக்கிறவ ஒரு மாட்டு டொக்டர். மார்லீன் ஓஸ்ட்ராம் எண்டு பேர். ஓம், உண்மையா மாட்டு டொக்டர், பசுவுக்குப் பிரசவம் பாக்கிறவ. பாராளுமன்றத்துக்கு அப்பிடி ஒராள் போறது நல்லது தானே, முட்டுறது உதைக்கிறது எல்லாம் பழகின ஆள். எதிர்த்து நிக்கிறவர் டிராக்டர் விக்கிற மனுசன், பழைய எம்பி. நல்ல மனுசனாம். அது தான் கரைச்சல், கூடாத மனுசன் எண்டால் சுகமாத் தோக்கடிக்கலாம்.

எனக்கென்ன அதிலை எண்டு கேக்கிறியள். நியாயம். என்ரை மகள் மிருணாளினி அந்த மாட்டு டொக்டருக்கு வேலை செய்யிறாள். வீடு வீடாப் போய்க் கதவு தட்டுற ஆக்களுக்கெல்லாம் பொறுப்பு அவள் தான். என்ரை மருமேன் சுஜீதன் அந்த டவுன் ஆஸ்பத்திரியிலை மயக்க மருந்து குடுக்கிற டொக்டர். சரியான அமைதி. வீட்டிலையும் அந்த மருந்தைப் பாவிக்கிறாரோ எண்டு எனக்கொரு சந்தேகம். கலியாணம் முடிச்சு அங்கை போனவள், சும்மா இருக்கப் பிடிக்காமல் இதிலை போய் விழுந்தவள். இப்ப அவளுக்கு அது தான் ஊண், அது தான் உறக்கம்.

ஓம், பெருமை தான். ஆனால் அவள் என்னோடை கதைக்கிறேல்லை.

போனிலை சிக்னல் இல்லாமல் போட்டுதோ. இஞ்சை காட்டுக்குள்ளை அப்பிடித்தான், வோட்டர்ஃபோல் தாண்ட வரும். போனை வைச்சிடாதையுங்கோ, பிடிச்சுக்கொண்டே இருங்கோ.

நான் என்ன வேலை எண்டு கேக்கேல்லையே நீங்கள். பஸ் ஸ்டொப்பிலை ஒரு போர்டு இருக்குமே, அடுத்த பஸ் எத்தினை நிமிசத்திலை எண்டு காட்டுறது. ஒரு பஸ் கொம்பனியிலை அந்தக் கணக்கு போடுற பகுதியிலை இருக்கிறன். சிரிக்கிறியள். எல்லாரும் சிரிக்கிறவை தான். போன பொங்கலுக்கு ஒரு அன்ரி எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வைச்ச கையோடை, தம்பி உங்கட போர்டை நம்பி நான் மழையிலை நனைஞ்சனான் எண்டா. பேந்து முந்திரிப் பருப்பைத் திரும்ப எடுத்திட்டா.

அதிலை ஒரு சூக்குமம் இருக்கு. பஸ் ஓடிக்கொண்டிருந்தால் கணக்குச் சரியா வரும். எங்கையாவது இறுகி நிண்டிட்டால் கணக்கும் நிண்டிடும். அஞ்சு நிமிசம் எண்டு காட்டும். கொஞ்சம் பொறுத்துப் பாப்பியள், அப்பவும் அஞ்சு நிமிசம். நிமிந்து ரோட்டைப் பாத்து, குனிஞ்சு திரும்பப் பாப்பியள், அஞ்சு நிமிசம். மிருணா பள்ளிக்கூடம் போகேக்கை இந்தக் கோதாரியிலை கனநாள் நிண்டவள். அப்பா, இண்டைக்கும் உங்கட அஞ்சு நிமிசம் வரேல்லை எண்டு பின்னேரம் வந்து சொல்லுவாள். அப்பிடியே எங்கட வீட்டிலை அது ஒரு சொல்லாப் போச்சு. அஞ்சு நிமிசம் எண்டால் நடக்காது எண்டு அர்த்தம். மனிசி குசினிக்கை இருந்து, சோறு அஞ்சு நிமிசத்திலை எண்டு சொன்னால் நாங்கள் பிஸ்கட் தேடுவம்.

வந்திட்டுதோ, எத்தினை? அம்பத்திரண்டோ. வடிவாப் பாருங்கோ, அம்பத்திரண்டா இருபத்தஞ்சா, போனை நேராத்தானே பிடிச்சிருக்கிறியள். சரி சரி, கோவிக்காதையுங்கோ.

அம்பதைத் தாண்டினது இண்டைக்குத் தான் முதல்தரம்.

என்ன நடந்ததெண்டால், போன ஜூலையிலை ஒரு நாள் மிருணா போன் எடுத்தவள். தாயோடை கதைச்சு முடிச்சுப் போட்டு, அப்பாட்டைக் குடுங்கோ எண்டிருக்கிறாள். நான் போனை வாங்கினன். குரல் ஒரு மாதிரி இருந்தது. நாள் முழுக்க ஒரு ஊரிலை கதவு தட்டினவையாம், ஒருத்தரும் திறக்கேல்லையாம், ஒரு நாய் மட்டும் கடைசி வரைக்கும் கூட நடந்து வந்ததாம். பேந்து கேக்கிறாள், அப்பா, நாங்கள் வெல்லுவமோ, நீங்கள் என்ன நினைக்கிறியள்.

ஒரு தகப்பன் என்ன சொல்லுவான் அண்ணை? உங்கட மகள் கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவியள்?

பாத்தியளே, உடனை வருகுது உங்களுக்கு. எனக்கு வரேல்லை. நான் என்ன சொன்னனான் தெரியுமோ, பொறு பிள்ளை, பாத்துச் சொல்லுறன் எண்டனான். சொல்லிப்போட்டு மற்றப் போனிலை இந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தன். பதினொண்டு. பதினொண்டு எண்டு சொன்னன். அதோடை விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடுமோ. பதினொண்டு எண்டால் வராது எண்டில்லைப் பிள்ளை, ஒம்பது தரத்துக்கு ஒரு தரம் வரும் எண்டு விளக்கம் வேறை குடுத்தனான்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, ஓகே டாட் எண்டாள்.

அது தான். உங்களுக்கு அது பெரிசாத் தெரியாது. பிறந்து கதைக்கத் துவங்கின நாளிலையிருந்து அப்பா எண்டு கூப்பிட்ட பிள்ளை. பள்ளிக்கூடத்திலை வெள்ளைப் பிள்ளையளுக்கு முன்னாலையும் அப்பா தான். டாட் எண்டது அண்டைக்குத் தான். எனக்கு அது பாங்க்கிலை இருந்து ஆரோ கதைக்கிற மாதிரி இருந்தது.

அதுக்குப் பிறகு என்னோடை கதையில்லை. சண்டை எண்டும் சொல்லேலாது, சண்டை எண்டால் சத்தம் இருக்கும். நான் எடுத்தால் வேலையா இருக்கிறன் எண்டு ஒரு மெசேஜ், இங்கிலீசிலை. தாயோடை ஒவ்வொரு நாளும் கதைக்கிறாள். என்ரை மனிசி கமலினி போனைக் கொண்டு லோன்ட்ரிக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப் போடுவா. உள்ளுக்கை வொஷிங் மெஷின் ஓடும். என்ரை பிள்ளையின்ரை சுகத்தை நான் உடுப்புச் சுத்துற சத்தத்துக்குள்ளாலை தான் கேக்கிறது. இடைக்கிடை ஒரு சிரிப்புக் கேக்கும், அது கமலினியோ மெஷினோ எண்டு தெரியாது.

நான் சண்டை பிடிச்சனான், கமலினியோடை. உள்ளதைச் சொன்னது பிழையோ, பொய் சொல்லியிருக்க வேணுமோ எண்டு கேட்டன். அவ வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவ. நிமிரேல்லை. உந்த நம்பர் அவளின்ரை போனிலையும் இருக்குத் தானே, அதைக் கேக்கவோ பிள்ளை சிட்னிக்கு எடுத்தவள் எண்டா. அதுக்குப் பிறகு மிச்ச வெண்டிக்காயை நான் தான் வாங்கி வெட்டினன்.

அண்டையிலையிருந்து தான் இந்தப் பைத்தியம். காலமை எழும்பினால் இந்த நம்பர், வேலையிலை இந்த நம்பர். ஏறினால் பிள்ளை இண்டைக்கு வடிவாச் சாப்பிட்டிருப்பாள் எண்டு நினைப்பன். இறங்கினால், தலையிடியோடை படுத்திருப்பாளோ எண்டிருக்கும். ஒரு நாள் ஒரேயடியா ஏழு கூடிச்சு. அண்டைக்கு நான் வேலையிலை எல்லாருக்கும் கேக் வாங்கிக் குடுத்தனான். என்ன விசேசம், பேத்தியோ எண்டு கேட்டினம். இல்லை, மாட்டு டொக்டர் எண்டன்.

இது ஹீத்கோட். பாருங்கோ ஒருக்கா. அறுபத்தொண்டோ? அண்ணை, உங்கட கை ராசியான கை. டவுன் வோட்டை முதல் எண்ணுவினம், அது தான் ஏறுது. பல்லியின்ரை தலை. அங்கை மிருணாவின்ரை ஆக்கள் கதவு விடாமல் தட்டினவை.

நல்லாக் கவனியுங்கோ என்ரை நிலைமையை. நான் பதினொண்டு எண்டு சொன்ன மனுசன். மாட்டு டொக்டர் தோத்தால் நான் சொன்னது சரி. சரியாச் சொன்ன தகப்பனோடை அவள் பேந்து எப்ப கதைக்கப் போறாள், சொல்லுங்கோ. வெண்டால் எனக்குப் பிழைச்சுப் போகும், அப்பா உங்கட அஞ்சு நிமிசம் எங்கை எண்டு கேட்டுச் சிரிச்சுக்கொண்டு எடுப்பாள். இந்தத் தொழிலிலை இருந்துகொண்டு எனக்குப் பிழைக்க வேணும் எண்டு நான் கும்பிடுறது இது தான் முதல்தரம். மற்ற நாளிலை கும்பிடாமலே பிழைக்கும்.

அதுக்குத் தான் இண்டைக்கு லீவு போட்டிட்டுக் கோயிலுக்கு வந்தது. வீட்டிலை இருக்கேலாது, கமலினி டிவிக்கு முன்னாலை விளக்குக் கொளுத்தி வைச்சுக்கொண்டு இருக்கிறா. நீங்களும் நான் அர்ச்சனை செய்யேக்கை பக்கத்திலை தானே நிண்டனியள், கேட்டனியளோ? மாட்டு டொக்டரின்ரை பேருக்குத் தான். பிறந்த திகதியை நெட்டிலை எடுத்து, பஞ்சாங்கத்தைப் பாத்தால் நேரம் இல்லாமல் நட்சத்திரம் வரேல்லை. பூரட்டாதியா இருக்கும், இல்லாட்டி உத்திரட்டாதி. ரெண்டுக்கும் செய்வமோ எண்டு கேட்டன். ஐயர் ஒராளுக்கு ஒரு நட்சத்திரம் தான் எண்டார். கோத்திரம் கேட்டார். அவ லூதரன் சபைக் கிறிஸ்தவம், அதுக்கு என்ன கோத்திரம் அண்ணை. தெரியாட்டிப் பறவாயில்லை எண்டு அவர் ஏதோ போட்டார். எல்லாம் சரி, மந்திரம் சொல்லேக்கை மார்லீன் எண்டதை மாலினி எண்டெல்லோ சொல்லிப் போட்டார். நடுவிலை மறிக்கலாமோ? நான் வாய்க்குள்ளை மார்லீன் மார்லீன் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டன். பூரட்டாதி மாலினி எண்டு ஆரோ ஒருத்திக்கு எங்கையோ இண்டைக்கு நல்ல நாள்.

பாலம் வடிவா இருக்கு என்ன. அல்போர்ட்ஸ் பொயிண்ட். கீழை ஆறு. எத்தினை? எழுபத்திநாலோ?

கொஞ்சம் பொறுங்கோ. பாலம் முடியட்டும்.

இல்லை, கண்ணுக்குள்ளை வெயில். நவம்பர் வெயில் இப்பிடித்தான் குத்தும்.

அண்ணை, உங்கட மகள் உங்களோடை ஒவ்வொரு நாளும் கதைப்பாவோ? ஹரிப்பிரியா எண்டனியள் என்ன. ரெண்டு நாளுக்கொருக்காலோ. என்ன கதைப்பியள்? ரசத்துக்கு எவ்வளவு புளி எண்டோ. கேக்கட்டும், கேக்கட்டும். அவவுக்கு அது நெட்டிலை இருக்கும். நீங்கள் நெட்டைப் பாத்துச் சொல்லிப் போடாதையுங்கோ.

ஏன் போனைத் திருப்பிப் பிடிக்கிறியள்? நம்பரைச் சொல்லுங்கோ. சொல்லுங்கோ, நான் காரை ஒழுங்காத்தான் ஓடுவன். நாப்பது. எழுபத்திநாலிலை இருந்து நாப்பதோ. இப்ப வாலை எண்ணத் துவங்கீட்டினம் போலை. சோளக்காட்டுப் பக்கம். அந்த ஊர்களிலை டிராக்டர்க்காரரின்ரை தகப்பனையும் தெரியும், பாட்டனையும் தெரியும். மாட்டு டொக்டர் அவையின்ரை பசுவைக் காப்பாத்தியிருப்பா, ஆனால் பசுவுக்கு வோட்டில்லையே.

இது பாங்ஸ்டவுன். பசிக்குதெண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன். வேண்டாமோ. எனக்கும் வேண்டாம்.

இருபத்திரண்டு. ம்.

இந்த நம்பர் விளையாட்டிலை ஒரு குணம் இருக்கு. ஏறேக்கை படியிலை ஏறும், இறங்கேக்கை கிணத்துக்கை வாளி போற மாதிரி. இந்தா இடப்பக்கம் முழுக்க ரூக்வுட் சுடலை. எவ்வளவு பெரிசு பாருங்கோ. இஞ்சை ஒருத்தருக்கும் நம்பர் தேவையில்லை, எல்லாருக்கும் நூறு வீதம்.

இது தான் லிட்கம் ஸ்டேசன். இதிலை நிப்பாட்ட இடமில்லை, ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வருவம். பாருங்கோ.

பத்தோ. பதினொண்டை விடக் கீழை போட்டுதோ. பாத்தியளே, நான் சொன்னதை விடக் கேவலம்.

அங்கை இப்ப ஒரு மண்டபத்திலை எல்லாரும் நிப்பினம். பலூன் கட்டியிருப்பினம். மிருணா ஒரு மூலையிலை கதிரை அடுக்கிக்கொண்டு நிப்பாள். சின்னனிலையும் அப்பிடித்தான். தோத்தால் அழமாட்டாள், கதிரை அடுக்குவாள். நெட்போலிலை தோத்தாலும், வீணைச் சோதனையிலை கோட்டை விட்டாலும், வீட்டிலை உள்ள கதிரை எல்லாத்தையும் இழுத்து இழுத்து ஒழுங்காக்குவாள். அந்தச் சத்தத்திலை தான் எங்களுக்குத் தெரியும்.

நாலு. இனி அது கூடாது அண்ணை. நாலு எண்டால் சனம் எழும்பி வீட்டை போட்டுது எண்டு அர்த்தம். மாலினி எண்டவ எங்கையோ வெண்டிட்டா, மார்லீன் தோத்துப் போனா.

நான் சொன்னது சரி. பாத்தியளோ. கணக்குப் போடுற வேலைக்கு வந்து இவ்வளவு காலத்திலை, முழுக்க முழுக்கச் சரியா வந்தது இது ஒண்டு தான்.

அண்ணை, ஒரு உதவி செய்வியளோ. அதிலை மெசேஜைத் திறந்தால் மேலை மிருணா எண்டு இருக்கும். தமிழ் எழுத்து வேண்டாம், இங்கிலீசு எழுத்திலை தமிழை அடியுங்கோ, அவள் அப்பிடித்தான் வாசிப்பாள். அடியுங்கோ, மிருணா, தோல்வி எண்டது. இல்லை, அதை அழியுங்கோ. அது கலண்டர்த் தாளிலை வாற வசனம். மிருணா, எழுபத்திநாலு வரை வந்தது கூட ஒரு நல்ல. இல்லை, நம்பர் வேண்டாம். நம்பர் ஒண்டும் வேண்டாம். அழியுங்கோ. சாப்பிட்டனியோ எண்டு கேப்பமோ? அது தாய் கேட்டிருப்பா.

இப்பிடி அடியுங்கோ. நீ வெல்லுவாய் எண்டு தான் நான் நினைச்சனான். எனக்குப் பிழைச்சுப் போச்சு. அப்பா.

அவ்வளவு தான். அனுப்புங்கோ. அனுப்பீட்டியளோ. அடிச்சதை ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்.

நினைச்சேன் எண்டோ? நினைச்சேன் எண்டோ அடிச்சனீங்கள்? ஐயோ அண்ணை. நான் நினைச்சனான் எண்டெல்லோ சொன்னனான். நீ ஜெயிப்பே எண்டோ? கோதாரி. உங்கட தமிழ் நல்ல தமிழ் தான், அதைச் சொல்லேல்லை. ஆனால் என்ரை வாயிலை நினைச்சேன் எண்டு ஒரு நாளும் வந்ததில்லை. பிள்ளை என்ன நினைப்பாள், அப்பா ஏதோ சீரியல் பாத்துப்போட்டு எழுதியிருக்கிறார் எண்டு தான் நினைப்பாள். சரி, விடுங்கோ. கண் அதை வாசிச்சிட்டுது எண்டால் அழிச்சும் பிரயோசனமில்லை.

இது ஸ்டேசன் தான் திரும்பவும். அதிலை ஒரு இடம் இருந்தது, ஓம், தாண்டிப் போட்டன். இன்னொருக்காச் சுத்துவம்.

சத்தம் கேட்டுது. அவளோ? வாசியுங்கோ. இங்கிலீசிலை எண்டால் இங்கிலீசிலையே வாசியுங்கோ. ஹூ இஸ் திஸ். இஸ் அப்பா ஓகே.

திரும்ப வாசியுங்கோ. அப்பா எண்டோ போட்டிருக்கிறாள்? டாட் எண்டு இல்லையோ? ஏ பி பி ஏ. வடிவாப் பாத்தனீங்களோ.

நல்ல காலம் நீங்கள் நினைச்சேன் எண்டு அடிச்சது. போன் ஆற்றையோ கையிலை, எனக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு பயந்திட்டாள் போலை. அடியுங்கோ, கெதியா. அப்பா நல்லாயிருக்கிறார், கார் ஓடுறார், நான் கோயிலிலை சந்திச்ச ஆள் எண்டு. இதை உங்கட தமிழிலையே அடியுங்கோ, அது தான் பொருத்தம்.

என்ன போட்டிருக்கிறாள்? எடுக்கிறாளாமோ. மண்டபத்திலை பேச்சு முடிய. எப்ப எண்டு போட்டிருக்கிறாள்?

அஞ்சு நிமிசத்திலை.

ம். அஞ்சு நிமிசம் எண்டால் எங்கட வீட்டிலை என்ன எண்டு உங்களுக்குச் சொன்னனான். வேணுமெண்டு போட்டிருக்கிறாளோ, சும்மா போட்டிருக்கிறாளோ. அதைத் தான் இனி இருந்து யோசிக்க வேணும். இந்த பஸ் ஸ்டொப்பிலை கொஞ்சம் நிப்பாட்டுறன், நிப்பாட்டக் கூடாது தான். ஓடிக்கொண்டு அவளோடை கதைக்க ஏலாது. உங்கட ஸ்டேசனை ரெண்டு தரம் தாண்டியாச்சு, எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், நீங்கள் பாவம் ஒண்டும் சொல்லேல்லை. இந்த நம்பரோடை என்னைத் தனிய விட்டிட்டு இறங்கிப் போடுவியள் எண்டு தான் நான் சுத்தினது.

அந்தா போர்டு. எங்கடை தான். அடுத்த பஸ் அஞ்சு நிமிசமாம். அப்ப எங்களுக்கு நேரம் இருக்கு.

என்ன கேக்கிறியள்? உண்மையா வெல்லுவாள் எண்டு நினைச்சனானோ எண்டோ. பிள்ளையைத் தேற்றச் சும்மா அடிச்சது எண்டு நினைச்சிட்டியள். பின்னாலை அந்தக் கறுப்புப் பையை எட்டி எடுத்துப் பாருங்கோ. திறவுங்கோ, பறவாயில்லை. கோட் தான். உள்ளுக்கை வாத்துச் செட்டை வைச்சது, நல்ல பாரம் என்ன. வாசிங்டனிலை ஜனவரியிலை சரியான குளிராம், எம்பிமார் பதவி ஏற்கேக்கை வெளியிலை எல்லாம் நிக்க வேண்டி வருமெல்லே, மாட்டு டொக்டரோடை மிருணாவும் போவாள், அவளிட்டை நல்ல கோட் ஒண்டும் இல்லை. இஞ்சை ஜூலையிலை குளிர் உடுப்பு மலிவு விற்பனை போகும் தானே, அப்ப வாங்கினது. ஓம், ஜூலை. அவளுக்குப் பதினொண்டு எண்டு சொன்னதுக்கு அடுத்த நாள். பெருமாளின்ரை காலடியிலை வைக்கலாம் எண்டு இண்டைக்குக் கொண்டு போனனான், ஐயரைக் கேக்க வெக்கமாப் போச்சு.

ஆர் ஹோர்ன் அடிக்கிறது? பஸ்ஸோ? அஞ்சு நிமிசம் எண்டெல்லோ போட்டிருக்கு, அதுக்கிடையிலை இவன் ஏன் வந்தவன். பொறுங்கோ, முன்னாலை எடுக்கிறன். எங்கட போர்டிலை பஸ் நேரத்துக்கு முந்தி வந்து நான் கண்டதில்லை.

அண்ணை, உங்கட கையிலை அடிக்குது. அவள் தானே. ஆர் எண்டு பாருங்கோ. அவள் தானே.

எடுங்கோ, நான் இதை ஒரு ஓரமா விட்டிட்டு வாங்கிறன். அப்பா பக்கத்திலை இருக்கிறாரோ எண்டு கேப்பாள். ஓம் எண்டு சொல்லுங்கோ. ஆமா எண்டு சொல்லிப் போடாதையுங்கோ, பிள்ளை பயந்திடும்.